கருங்காலி இருந்தது, கரண்ட் இல்லை

மின்கிற்றார் ஒன்றைத் தன் விருப்பப்படி செய்விக்க நினைப்பவர் நிரப்ப வேண்டிய படிவம் நீளமானது. உடலுக்கு எந்த மரம், கழுத்துக்கு எந்த மரம், விரல்பலகை கருங்காலியா ரோஸ்வுட்டா மேப்பிளா, தந்தியின் நீளம் 25.5 அங்குலமா 24.75 அங்குலமா, பிக்கப் ஒற்றைச் சுருளா இரட்டைச் சுருளா, கழுத்தை உடலோடு பசை போட்டு ஒட்டுவதா திருகாணி கொண்டு பூட்டுவதா என்று ஒவ்வொரு வரியிலும் ஒரு தெரிவு. நிரப்புகிறவர் தன் இரசனையைப் பதிவு செய்வதாகவே எண்ணிக்கொள்கிறார். அது பாதி உண்மை. அந்தப் படிவத்தில் எந்தெந்தத் தெரிவுகள் இடம்பெற வேண்டும் என்பதை, அவர் பேனாவை எடுப்பதற்கு வெகுகாலம் முன்பே, வேறு சில ஊர்களின் மின்சாரமும் மரமும் கூலியும் பாதையும் தீர்மானித்துவிட்டன. கலிஃபோர்னியாவில் நின்று பார்த்தால் இது எளிதில் பிடிபடாது. எல்லாம் ஒருங்கே இருக்கிற இடத்தில் எது எதனால் வந்தது என்று பிரித்தறிவது கடினம். வட இலங்கையின் வன்னியில் உள்ள கிளிநொச்சியில் நின்று பார்த்தால் தெரியும். படிவத்தின் விலையுயர்ந்த தெரிவுகளில் ஒன்று வன்னிக் காட்டில் விளைந்தது. படிவமோ வன்னிக்கு வந்து சேரவில்லை. இல்லாத ஒரு தொழிலுக்கு வரலாறு எழுதுவது வீண்வேலை என்று சிலர் சொல்லக்கூடும். அந்த இல்லாமை தற்செயலானதென்றால் அவர்கள் சொல்வது சரி. இங்கே அது தற்செயலானதல்ல.

முதலில் படிவம் உருவான கதை. 1931இல் ஜோர்ஜ் போஷாம் உருவாக்கி, அடுத்த ஆண்டு விற்பனைக்கு வந்த மின்கிற்றாரில் மரமே இல்லை. அலுமினியத்தில் வார்த்த வட்ட உடலும் நீண்ட கழுத்துமாக இருந்ததால் அதற்குப் 'பொரிச்சட்டி' என்று பட்டப்பெயர் விழுந்தது. லியோ ஃபெண்டர் 1938இல் கலிஃபோர்னியாவின் ஃபுல்லர்ட்டனில் வானொலி திருத்தும் கடை வைத்தவர். அவருக்குக் கிற்றார் வாசிக்கத் தெரியாது. 1950இல் அவர் சந்தைக்கு விட்டு, 1951இல் டெலிகாஸ்டர் என்று பெயர் நிலைத்த கிற்றாரின் கழுத்து நான்கு திருகாணிகளால் உடலோடு பூட்டப்பட்டிருந்தது. அதில் இசைக் காரணம் எதுவுமில்லை. கழுத்தையும் உடலையும் வேறுவேறு மேசைகளில் செய்து கடைசியில் இணைத்தால் உற்பத்தி வேகம் கூடும். கழுத்து கெட்டால் கழற்றிவிட்டு வேறொன்றைப் பூட்டலாம். வானொலியைத் திறந்து பழுதான பாகத்தை மாற்றிப் பழகிய கையின் யோசனை அது. கிப்ஸன் நிறுவனத்தில் சேத் லவர் 1955இல் இரட்டைச் சுருள் பிக்கப்பை வடிவமைத்ததற்கும் அதேபோன்ற ஒரு காரணந்தான்: அமெரிக்க மின்கம்பிகளில் செக்கனுக்கு 60 சுற்றாக ஓடும் மாறுமின்னோட்டம் ஒற்றைச் சுருளில் புகுந்து முனகிற்று, எதிரெதிராகச் சுற்றிய இரண்டு சுருள்களைப் பக்கத்தில் வைத்தால் ஒன்றின் முனகலை மற்றது அழித்துவிடும். இன்று அது 'கனத்த தொனி' என்ற இரசனைத் தெரிவாகப் படிவத்தில் நிற்கிறது. பிறந்தபோது அது மின்சார இரைச்சலுக்கு மருந்து. இப்படித் தேவையில் பிறந்தவை பட்டியலாகத் திரண்ட பிறகு, ஃபெண்டர் நிறுவனம் தனிப்பட்ட கட்டளைகளுக்கென்றே ஒரு பட்டறையைத் திறந்தது 1987இல். அதே ஆண்டு யூலையில் இலங்கை-இந்திய ஒப்பந்தம் கைச்சாத்தாகி, இந்தியப் படை வடக்கில் வந்திறங்கியது. இரண்டுக்கும் தொடர்பில்லை, ஆனால் ஒரே காலத்தில் இரண்டு இடங்களில் மனிதர்களுக்கு எதை எதைத் தெரிவு செய்ய வாய்த்தது என்பதை அந்த ஆண்டு காட்டுகிறது.

இனி விரல்பலகை. வன்னியின் உலர்வலயக் காட்டில் பாலையும் வீரையும் முதிரையும் மேலோங்கி நிற்க, அவற்றுக்கிடையே மெதுவாக வளர்வது கருங்காலி. தாவரவியலார் டையோஸ்பைரஸ் எபெனம் என்பார்கள். உலகெங்கும் இசைக்கருவி செய்வோர் 'சிலோன் எபனி' என்றால் இதைத்தான் நினைப்பார்கள். மரத்தை அறுத்தால் வெளிச்சுற்று வெளிறிக் கிடக்கும்; வைரம் மட்டுமே கருப்பு. அந்த வைரம் தண்ணீரில் போட்டால் அமிழ்ந்துவிடும். சீவுளியின் அலகு சற்று நேரத்தில் மழுங்கும். பொடி புகைக்கரி போலக் கையில் ஒட்டும். ஆனால் தேய்த்து முடித்த பலகையின் நுண்துளைகள் கண்ணுக்குத் தெரியாத அளவு நெருக்கமானவை. மெருகுப்பூச்சு பூசாமலே வழவழக்கும். எஃகுத் தந்தி ஆண்டுக்கணக்கில் உரசினாலும் பள்ளம் விழத் தாமதமாகும். வயலினின் விரல்பலகைக்குக் கருங்காலியை ஐரோப்பியர் நெடுங்காலமாகத் தேர்ந்ததும், உயர்விலைக் கிற்றார்களில் அது இடம்பிடித்ததும் இதனால்தான். முதிரையின் பெருமையும் குறைந்ததல்ல. 1833இல் ஆங்கிலேயர் பேராதனையில் மகாவலிக்குக் குறுக்கே ஒற்றை வளைவாகக் கட்டிய பாலம் முதிரை மரத்தால் ஆனது. எமர்சன் டெனன்ட் 1859இல் இலங்கையைப் பற்றி எழுதிய பெருநூலில் இந்த இரு மரங்களையும் விதந்து சொல்கிறார். வெளிநாட்டுத் தளபாடக்காரருக்கும் கருவி செய்வோருக்கும் இந்தக் காடு ஒரு சரக்கறையாக இருந்தது என்பதில் ஐயமில்லை.

சரக்கறைக்குப் பக்கத்தில் பட்டறை தோன்றவில்லை. மரம் குற்றியாகவே வெளியேறியது. கருவி வேறெங்கோ பிறந்தது. போர்த்துக்கேயரும் ஒல்லாந்தரும் வன்னித் தலைவர்களிடம் யானையைத் திறையாகக் கேட்ட காலத்திலிருந்தே, காட்டிலிருந்து வெளியே போவது மூலப்பொருள் என்பது வழக்கமாகிவிட்டது. 1895இல் ஜே. பி. லூயிஸ் வன்னி மாவட்டங்களுக்கென்று ஒரு கையேடு எழுதி வெளியிட்டபோதும் இது சனத்தொகை மிகக் குறைந்த, குளமும் காடுமான நாடு. தச்சருக்கு இங்கே கேட்ட வேலை கதவு நிலை, மாட்டுவண்டி, கட்டில், ஏர். பிறகு 1907ஆம் ஆண்டின் காட்டுக் கட்டளைச் சட்டம் வந்தது. ஒதுக்கக் காட்டு மரத்தை வெட்டவும் கொண்டுசெல்லவும் அனுமதிப்பத்திரம் வேண்டும் என்றாயிற்று. காட்டைக் காக்க அது தேவைதான், மறுப்பதற்கில்லை. ஆனால் ஒரு சாண் கருங்காலித் துண்டை வைத்துப் பரிசோதனை செய்து பார்க்கும் சிறு பட்டறைக்கும் பெருங்குற்றிக் குத்தகைக்காரருக்கும் அந்தச் சட்டம் ஒரே வாசலைத்தான் காட்டியது. அந்த வாசலில் காத்திருக்கப் பொறுமையும் பணமும் இருந்தவர் குத்தகைக்காரர்.

இந்த இடத்தில் கிற்றார் தெரிந்த வாசகர் ஒருவர் குறுக்கிடுவார்: மரத்தைப் பற்றி இத்தனை பேச்சு எதற்கு, மின்கிற்றாரின் பிக்கப் தந்தியின் அசைவைத்தானே உணர்கிறது, மரத்தையல்லவே? சரியான குறுக்கீடு. பொரிச்சட்டி அலுமினியத்தில் பாடியதே அதற்குச் சான்று. உள்ளீடற்ற பெட்டியாலான சாதாரண கிற்றாரில் மரம் குரலின் பெரும்பகுதி. திண்ணுடல் மின்கிற்றாரில் அது முக்கியமாக எடையும் உறுதியும்தான். ஃபெண்டர் 1950களின் நடுவில் ஆஷ் மரத்திலிருந்து அல்டருக்கு மாறியதற்கும் வசதியே பெருங்காரணம். எடையைக் கணக்கிட்டுப் பார்த்தால் வன்னி மரத்தின் நிலைமை வேடிக்கையாகிறது. அல்டரில் ஏறத்தாழ இரண்டு கிலோ வரும் உடல், அதே அளவில் முதிரையில் நான்கு கிலோவாகும். கழுத்தும் உலோகமும் சேர்ந்தால் ஒரு திருவிழா இரவு முழுக்கத் தோளில் தாங்க முடியாது. ஆகவே இங்கே மரம் இருந்ததால் மட்டும் கிற்றார் பிறந்திருக்கும் என்று வாதிக்க எனக்கு எண்ணமில்லை. மரம் தீர்மானிக்கிற காரணியாக இருந்திருந்தால் வன்னி என்றோ பெயர்பெற்றிருக்கும். மரம் இருந்தும் தொழில் பிறக்கவில்லை என்பதே தீர்மானிக்கிற காரணி வேறெங்கோ இருப்பதற்கு அத்தாட்சி.

பண்பாடுதான் அந்தக் காரணி என்பது அடுத்த வாதம். பறையும் உடுக்கும் மத்தளமும் ஒலித்த மண்ணுக்குக் கிற்றார் அந்நியம், அதனால் நாட்டம் இல்லை என்பார்கள். கிளிநொச்சியின் வரலாறு இதை ஏற்கவில்லை. நகரமாக அது பிறந்ததே 1936இன் குடியேற்றத் திட்டத்தால். யாழ்ப்பாணக் குடாநாட்டின் காணியற்றோரும் வேலையற்றோரும் இரணைமடுக் குளத்தின் கீழ் வயல் செய்ய வந்தார்கள். பிறகு படித்த வாலிபர் திட்டங்கள் வந்தன. 1958, 1977 வன்முறைகளுக்குப் பின் மலையகத் தமிழர் வந்து குடியேறினார்கள். தப்பும் காமன் கூத்தும் அவர்களோடு வந்தன. கூத்துமேடையில் ஆர்மோனியம் எப்போதோ ஏறிவிட்டது. அகில இந்திய வானொலி 1940இல் தடைசெய்து 1971 வரை வாசலுக்கு வெளியே நிறுத்திய அதே ஆர்மோனியத்தை எங்கள் அண்ணாவிமார் கேள்வி கேட்காமல் ஏற்றுக்கொண்டார்கள். இரண்டாம் வத்திக்கான் சங்கத்துக்குப் பின் பூசை தமிழுக்கு மாற, முல்லைத்தீவுக் கரையோரக் கத்தோலிக்க ஊர்களில் கிற்றாருக்குப் பாடகர் குழுவில் இடம் கிடைத்தது. ஒவ்வொரு குடியேற்றமும் ஒரு வாத்தியத்தைச் சேர்த்துக்கொண்ட இடத்தில், ஒன்றை மட்டும் அந்நியம் என்று தள்ளியிருப்பார்கள் என்று நம்புவதற்கு ஆதாரம் வேண்டும். கண்ட ஆதாரமெல்லாம் மறுபக்கம் இருக்கிறது.

அறுபதுகளின் பிற்பகுதியிலும் எழுபதுகளிலும் இலங்கைத் தமிழ்ச் செவி கிற்றாருக்கு நன்றாகவே பழகியிருந்தது. சிங்கள இசையில் கிளரன்ஸ் விஜேவர்தன மின்கிற்றாரை நிலைநிறுத்திக்கொண்டிருந்தார். தமிழில் நித்தி கனகரத்தினமும் ஏ. ஈ. மனோகரனும் பாடிய பொப் பாடல்கள் வானொலி வழியாக வீடுவீடாகப் போயின. துள்ளிசை என்று அதற்குத் தமிழ்ப் பெயரும் கிடைத்தது. போர்த்துக்கேயர் விட்டுச்சென்ற பைலாவின் தாளம் அதற்கு அடியில் ஓடியது. யாழ்ப்பாணத்தில் கண்ணன் கோஷ்டி போன்ற மெல்லிசைக் குழுக்கள் கோயில் திருவிழாவின் விடிய விடிய நிகழ்ச்சிகளில் வாசித்தன. அதே பத்தாண்டில் 1970 முதல் 1977 வரை இறக்குமதிக் கட்டுப்பாடு இறுகியிருந்தது. அந்தக் கட்டுப்பாடு வன்னி விவசாயிக்கு நல்ல காலம்: வெளிநாட்டு மிளகாயும் வெங்காயமும் வராததால் இங்கே விளைந்ததற்கு விலை கிடைத்தது. கையில் காசு வந்தது. ஆனால் அந்தக் காசுக்கு மின்கிற்றாரோ அம்பிளிபயரோ எளிதில் கிடைக்காத நாடாக இலங்கை இருந்தது. 1977க்குப் பின் சந்தை திறந்தது. கிற்றார் கடைக்கு வந்தது. மிளகாயின் விலை விழுந்தது. வாங்க வசதியிருந்தபோது பொருள் இல்லை, பொருள் வந்தபோது வசதி குறைந்தது. பொருளியல் அறிந்தவர்கள் இதை ஊழ் என்று சொல்லமாட்டார்கள்.

மின்சாரத்தைப் பொறுத்தவரை, 1990இல் இலங்கை முழுவதையும் எடுத்தால்கூட மூன்றில் ஒரு பங்கு வீடுகளுக்கும் குறைவாகத்தான் அது எட்டியிருந்தது. வன்னிக் கிராமங்களுக்கு அரிக்கன் விளக்கே இயல்பு. அந்த ஆண்டு யூனில் போர் மீண்டும் மூண்டபோது, இருந்த மின்சாரமும் போயிற்று, புகைவண்டியும் நின்றது. பொருளாதாரத் தடை வந்தது. எரிபொருள், சீமெந்து, இரும்பு, உரம் ஆகியவற்றோடு பற்றரியும் தடைப்பட்டியலில் இருந்தது. அடுத்த பன்னிரண்டு ஆண்டுகள் வடக்கின் மனிதர்கள் கண்டுபிடித்தவற்றின் பட்டியல் நீளமானது: ஒரு மேசைக்கரண்டி மண்ணெண்ணெயில் இரவைக் கழிக்கிற ஜாம் போத்தல் விளக்கு, இரண்டு துளி பெற்றோலில் உயிர்பெற்று மண்ணெண்ணெயில் ஓடிய மோட்டார் சைக்கிள், எல்லாவற்றுக்கும் மேலாகச் சைக்கிள் டைனமோவில் பாடிய றேடியோ. சைக்கிளைத் தலைகீழாக முற்றத்தில் நிறுத்துவார்கள். ஒருவர் பெடலைக் கையால் சுற்றுவார். டைனமோவின் சின்னத் தலை ரயரின் பக்கத்தில் உரசிக்கொண்டு சுழலும். அதிலிருந்து வரும் கம்பி றேடியோவின் வயிற்றுக்குள் போகும். சுற்றுகிற கை களைத்தால் செய்தி வாசிப்பவரின் குரல் தாழ்ந்து கரையும். பக்கத்தில் இருப்பவர் அதட்டினால் மறுபடி நிமிரும். பிபிசி தமிழோசையையும் புலிகளின் குரலையும் ஒரு தலைமுறை இப்படித்தான் கேட்டது. கஸெற்றில் பாட்டுக் கேட்கும்போது சுற்றுகிறவரின் வேகம் சுருதியையே மாற்றிவிடும் என்பதால், அந்த வேலை வீட்டில் பொறுமைசாலிக்கே ஒதுக்கப்பட்டது.

அந்த டைனமோவை உடைத்துப் பார்த்தால் உள்ளே இருப்பது ஒரு காந்தமும் ஒரு செப்புக் கம்பிச் சுருளும். காந்தம் சுழல, சுருளில் மின்னோட்டம் பிறக்கிறது. மின்கிற்றாரின் பிக்கப்பை உடைத்தாலும் ஒரு காந்தமும் ஒரு செப்புக் கம்பிச் சுருளும்தான். அங்கே காந்தம் நிற்க, எஃகுத் தந்தி அதன் முன்னே துடிக்கிறது. இரண்டையும் ஆள்வது ஃபரடே 1831இல் கண்டறிந்த அதே விதி. ஆக, தொண்ணூறுகளின் வன்னிச் சிறுவன் மின்கிற்றாரின் அடிப்படைத் தத்துவத்தை நூலில் படிக்காமலே கையால் சுற்றி அறிந்திருந்தான். பிறகு ஏன் அவன் கிற்றார் செய்யவில்லை? கணக்குப் போட்டால் விடை கிடைக்கும். பிக்கப்புக்கு வெளியிலிருந்து மின்சாரம் வேண்டாம். ஆனால் அது தருவது ஒரு வோல்ற்றிலும் சிறிய சமிக்ஞை. அதைக் கூட்டத்துக்குக் கேட்கச் செய்வது அம்பிளிபயர். சைக்கிள் டைனமோவின் வழக்கமான அளவு 6 வோல்ற், 3 வாற்று. திருவிழா மேடைக்கு 100 வாற்று அம்பிளிபயர் என்றால், இழப்புகளை விட்டுவிட்டுப் பார்த்தாலும் முப்பதுக்கு மேற்பட்ட டைனமோக்கள் ஒரே நேரத்தில் சுழல வேண்டும். மின்பிறப்பாக்கி இருந்த இடங்கள் உண்டு. அதற்கு ஊற்றிய எரிபொருள் ஆஸ்பத்திரிக்கும் நீரிறைக்கும் இயந்திரத்துக்கும் போட்டியாக வந்தது. படிவத்தின் முதல் வரியாக இருக்க வேண்டியது மரமோ பிக்கப்போ அல்ல, செருகுவதற்குச் சுவரில் ஒரு துளை. அந்த வரியை எந்த உற்பத்தியாளரும் அச்சிடுவதில்லை, அவர்கள் ஊரில் அது எல்லாச் சுவர்களிலும் இருப்பதால்.

இதற்கு வலிமையான மறுப்பு ஒன்று உண்டு, அதைத் தட்டிக்கழிக்க முடியாது. பற்றாக்குறையே புகழ்பெற்ற ஒரு கிற்றாரைப் பெற்றிருக்கிறது. குவீன் குழுவின் பிரையன் மே, 1963இல் பதின்ம வயதில், வாங்கப் பணமில்லாமல் தந்தையோடு சேர்ந்து வீட்டிலேயே ஒரு மின்கிற்றார் செய்யத் தொடங்கினார். கழுத்து ஒரு பழைய கணப்பு அடுப்பின் மரச்சட்டத்திலிருந்து வந்தது. அதிர்வுப் பாலத்துக்கு மோட்டார் சைக்கிள் எஞ்சின் வால்வின் சுருள்வில்கள். அதன் கைப்பிடி ஒரு சைக்கிள் பைதாங்கியின் கம்பி, நுனியில் பின்னல் ஊசியின் முனை. ஜாம் போத்தலில் விளக்குச் செய்தவர்களால் இதைச் செய்திருக்க முடியாதா? செய்திருக்க முடியும், கைத்திறனைப் பொறுத்தவரை. ஆனால் மேயின் கதையில் பலர் கவனிக்காத ஒரு பகுதி உண்டு. அவர் வீட்டில் சுற்றிய பிக்கப்புகள் திருப்தி தராமல்போக, பேர்ன்ஸ் நிறுவனத்தின் பிக்கப்புகளைக் கடையில் வாங்கிப் பொருத்தினார். எல்லாவற்றையும் கையால் செய்ததாகப் புகழப்படும் கிற்றாருக்கும் ஒரு கடை தேவைப்பட்டது. சுவரில் மின்சாரமும், மின்னணுவியல் அறிந்த தந்தையும், இரண்டு ஆண்டுகள் ஒரே வீட்டில் இருக்கிற நிம்மதியும் தேவைப்பட்டன. பணப் பற்றாக்குறை வேறு, தடை வேறு. முன்னது ஆளைச் சுற்றிச் சுற்றி யோசிக்க வைக்கும். பின்னது யோசனைகளை உயிர்வாழ்வதற்கு மட்டும் ஒதுக்கச் சொல்லும். வன்னியின் கண்டுபிடிப்புகள் அனைத்தும் வெளிச்சம், தண்ணீர், பயணம், செய்தி என்ற நான்குக்குள் அடங்குவதைப் பார்த்தால் இது விளங்கும்.

ஒரே வீடு என்பதும் சின்ன விடயமல்ல. 1995 ஒக்டோபர் இறுதியில் யாழ்ப்பாணக் குடாநாட்டின் வலிகாமம் ஒரே இரவில் வெறுமையானது; அடுத்த மாதங்களில் பெருந்தொகையானோர் கடல்நீரேரியைக் கடந்து வன்னிக்கு வந்தார்கள். 1996 செப்ரெம்பரில் கிளிநொச்சியும் இராணுவத்திடம் வீழ, அவர்கள் மறுபடி நடந்தார்கள். 1998இல் நகரம் கைமாறியது. 2009 யனவரியில் மறுபடி. ஒவ்வொரு முறையும் குடும்பத்தின் உடைமை ஒரு சைக்கிள் சுமக்கக்கூடிய அளவுக்குச் சுருங்கியது. நான்கு கிலோக் கிற்றாரையாவது கரியரில் கட்டலாம், அம்பிளிபயரை? அரிசி மூடைக்கும் அதற்கும் இடையில் தெரிவு என்றால், பேச என்ன இருக்கிறது. மிருதங்கமும் வயலினும் தாக்குப்பிடித்ததற்கு மரபு மட்டும் காரணமல்ல, அவை தம் ஒலியைத் தம்மோடு சுமந்தன. இடப்பெயர்வும் ஒரு வடிவமைப்பாளர்தான். அது வரைந்த கருவி சிறியது, தனித்து ஒலிப்பது.

2002 பெப்ரவரியில் போர்நிறுத்தம் வந்து ஏ9 பாதை திறந்தபோது, வன்னி மேடைகளில் ஏறியது கிற்றார் அல்ல, ஓர்கன். யமஹாவும் கசியோவும் அனுப்பிய மின்விசைப் பலகைகளை எங்கள் ஊர்களில் அப்படித்தான் சொல்வார்கள். போர்க்காலப் பாடல்களில் எஸ். ஜி. சாந்தன் போன்ற பாடகர்களின் குரலுக்குப் பின்னால் கேட்பதும் பெரும்பாலும் அதன் ஒலியே. காரணம் கூலிக்கணக்கு. ஒரு மெல்லிசைக் குழுவில் வயலின், புல்லாங்குழல், கிற்றார், பேஸ் கிற்றார், டிரம்ஸ் என்று ஐந்து பேருக்குக் கொடுக்கிற காசை ஒருவருக்குக் கொடுத்தால் போதும். தானே உள்ளிருந்து ஒலிக்கும் பெட்டி. அடப்ரரிலும் ஓடும், பற்றரியிலும் ஓடும். 1991இல் வகுத்த ஜெனரல் மிடி என்ற ஒழுங்கில் 128 ஒலிகளுக்கு எண் கொடுத்திருக்கிறார்கள்; அதில் 25 முதல் 32 வரை எட்டு வகைக் கிற்றார்கள். நைலோன் தந்தி, எஃகுத் தந்தி, அமுக்கிய தந்தி, முறுக்கிய ஒலி என்று அனைத்தும் உண்டு. வன்னியில் பலர் மின்கிற்றாரை முதலில் நேரில் கேட்டது இந்த எட்டு எண்களில் ஒன்றாகத்தான். படிவத்தின் தெரிவுகள் கடைசியில் வந்து சேர்ந்தன, பொத்தான் வடிவில். இதைக் குறைவு என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை; கிடைத்த மின்சாரத்துக்கும் கிடைத்த கூலிக்கும் அதைவிடப் பொருத்தமான கருவி இல்லை.

அப்படியானால் செவியின் விருப்பத்துக்கு எந்தப் பங்கும் இல்லையா என்று கேட்டால், உண்டு, சூழல் இடம் கொடுத்த பிறகு. மண்டலின் யு. ஸ்ரீநிவாஸ் சிறந்த சாட்சி. மண்டலினின் மரபான அமைப்பு நான்கு சோடியாக எட்டுத் தந்திகள். சோடியை ஒன்றாக இழுத்து வளைத்துக் கமகம் பிடிப்பது கடினம். மீட்டிய ஒலி உடனே அணைந்தும்விடும். அவர் சோடிகளை நீக்கி ஒற்றைத் தந்திகளாக்கி, கீழ்ச்சுரங்களுக்காக ஐந்தாவது தந்தி ஒன்றைச் சேர்த்து, மின் பிக்கப்பால் கார்வைக்கு நீளம் கொடுத்தார். இராகமே வரைந்து கொடுத்த வடிவம் அது. எழுபதுகளில் சக்தி குழுவுக்காக ஜோன் மக்லாக்லின் செய்வித்த கிற்றாரில், தந்தியை ஆழ அமுக்கி வளைப்பதற்கு வசதியாக மெட்டுகளுக்கிடையே விரல்பலகை குழித்துச் சீவப்பட்டிருந்தது. வீணையின் மெழுகு மெட்டுகளில் விரல் செய்கிற வேலையைக் கிற்றாருக்குக் கொண்டுவருகிற முயற்சி. ஆனால் ஸ்ரீநிவாஸ் 1981இல் மேடையேறிய சென்னையில் சபாக்கள் இருந்தன, ஒலிபெருக்கி இருந்தது, கம்பி அறுந்தால் பற்றவைக்கிற கடை இருந்தது. மக்லாக்லினுக்குக் கிப்ஸன் தொழிற்சாலை இருந்தது. செவி வரைந்ததைக் கை செய்து முடிக்க ஓர் ஊர் முழுவதும் வேண்டியிருந்தது. கிளிநொச்சியில் அப்படிப்பட்ட செவிக்குப் பஞ்சம் இருந்ததாக யாரும் காட்டவில்லை.

இப்போது ஊர் மாறியிருக்கிறது. புகைவண்டி 2013இல் கிளிநொச்சிக்குத் திரும்பி வந்தது. மின்கம்பங்கள் கிராமங்களுக்குள் போயின. அறிவியல் நகரில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பொறியியல் பீடமும், 2016 முதல் இலங்கை-ஜேர்மன் பயிற்சி நிறுவகமும் இயங்குகின்றன. ஏ9 ஓரத்தில் மரக்காலைகளுக்கும் தளபாடக் கடைகளுக்கும் குறைவில்லை. ஆகவே படிவத்தை இங்கிருந்தே நிரப்பிப் பார்க்கலாம். கழுத்து திருகாணியால் பூட்டியதாக இருக்கட்டும்: மாரியில் ஊறிக் கோடையில் சோளகக் காற்றில் காயும் இந்த ஊரில் கழுத்து வளைந்தால் கழற்றித் திருத்த வேண்டியிருக்கும். பிக்கப் இரட்டைச் சுருள்: நமது மின்சாரம் 50 சுற்று, கோயில் வெளியில் இழுத்துக் கட்டிய கம்பிக்கு எர்த் ஒழுங்காக இருக்கும் என்று நம்ப முடியாது, முனகல் நிச்சயம். உடலுக்குப் பலா நல்லது. வீணைக்கும் மிருதங்கத்துக்கும் பழகிய மரம். ஆனால் 1951ஆம் ஆண்டின் மரம் வெட்டுதல் கட்டுப்பாட்டுச் சட்டம் பலாவையும் ஈரப்பலாவையும் பெண்பனையையும் காக்கிறது. வீட்டு வளவில் நிற்பதை வெட்டவும் அனுமதி பெற வேண்டும். விரல்பலகைக்குக் காட்டுக்குப் போக வேண்டியதில்லை. ஏறத்தாழ இருபது அங்குல நீளம், இரண்டரை அங்குல அகலம், கால் அங்குலத் தடிப்புப் போதும். உடைந்த பழைய கருங்காலிக் கதிரை ஒன்றின் பின்கால்களை நெடுக்காக அறுத்து ஒட்டினால் அது தேறும்.

கடினமான வரி பிக்கப்தான், பிரையன் மேக்கு இருந்ததுபோல. ஆனால் இங்கே அதற்கு மிக நெருக்கமான தொழில் ஏற்கெனவே இருக்கிறது. வயலுக்கும் தோட்டத்துக்கும் நீரிறைக்கும் மோட்டர்கள் எரிந்துபோனால் சுருளைப் பிரித்துப் புதிதாகச் சுற்றிக் கொடுக்கிற வைண்டிங் கடைகள். எனாமல் பூசிய செப்புக் கம்பியை எண்ணி, இழுவை மாறாமல், மேலும் கீழும் சீராகப் படிய விடுகிற கை அங்கே உண்டு. ஸ்ட்ராட்டோகாஸ்டர் வகைச் சுருள் ஒன்றுக்கு ஏறத்தாழ 8000 சுற்று வேண்டும். சுற்று எண்ணும் கருவியும் காந்தமும் பிரச்சினையல்ல; கம்பியின் தடிப்புத்தான் வேறு. மோட்டர்க் கம்பியைக் கண்ணால் பார்த்துச் சுற்றலாம். பிக்கப் கம்பி 0.06 மில்லிமீற்றர், தலைமுடியிலும் மெல்லியது, இழுவை கொஞ்சம் கூடினாலும் அறுந்துவிடும். அந்தக் கம்பியில் ஒரு றீல் வெளியிலிருந்து வாங்க வேண்டும்.